பெஞ்சில் இடமில்லை

எங்கள் கோவிலில் உட்கார இடம் போதாமல் போனதற்கு நான்தான் காரணம். இதை நானே சொல்வது அழகில்லைதான். வேறு யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்து பார்த்தேன், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. தபீத்தாவுக்கும் அதில் கொஞ்சம் பங்கு உண்டு. கொஞ்சம்தான்.

தபீத்தா என் ஓரகத்தி. என் கணவர் வனீஸின் தம்பி மனைவி. கீழ்வீட்டில் நாங்கள், மேல்வீட்டில் அவர்கள், நடுவில் ஒரே மாடிப்படி. அந்தப் படியில் மூன்று வருஷமாக ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் ஏறி இறங்கினோம். எதிரே வந்தால் நான் சுவரைப் பார்ப்பேன், அவள் கைப்பிடியைப் பார்ப்பாள். பேசியே ஆக வேண்டும் என்றால் இவர் நடுவில் வந்து நிற்க வேண்டும்.

"ஏங்க, உங்க தம்பி பொண்டாட்டிகிட்ட மோட்டாரை நிறுத்தச் சொல்லுங்க. தொட்டி நெறஞ்சு வழியுது."

"அவ உன் பக்கத்துலதானே நிக்கிறா, நர்கிஸ்?"

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

சண்டை ஒரு கோழியால் வந்தது. மொட்டை மாடியில் நான் மாவைத் தட்டி, வெயிலில் பொங்கட்டும் என்று வரிசையாக வைத்திருந்தேன். வெயில் ரொட்டி. அவள் வளர்த்த கோழி வந்து ஒவ்வொன்றின் மேலும் நடந்து போயிருக்கிறது. எனக்கு எப்படி இருக்கும்? காலில் இருந்த செருப்பைக் கழற்றி வீசினேன். கோழி பக்கத்து மாடிக்குத் தாவி, அங்கிருந்து கரும்புத் தோட்டத்துக்குள் போனது. திரும்பி வரவில்லை. இதில் என் தப்பு செருப்பு வரைக்கும்தான்.

அன்றைக்கென்று நான் மத்தியானம் பருப்புக்கு வெங்காயம் வதக்கினேன். உடனே தபீத்தா மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினாள்: "என் கோழியைத் தின்னுட்டா! பெரிய நோன்புல, கோழியை வதக்கித் தின்னுட்டா!"

திருடி என்று சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். பெரிய நோன்பில், பால் ஒரு சொட்டுகூட நாக்கில் படாமல், எண்ணெயும் பருப்பும் ஃபூல் மொச்சையுமாக வயிற்றைக் கட்டிக்கொண்டு கிடக்கிற என்னைப் பார்த்து, கோழி தின்றாள் என்கிறாளே! எதிர்வீட்டுக்காரி அன்று மாலை வந்து என் அடுப்பங்கரையில் மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டுப் போனாள். என் மானமே போயிற்று.

அப்போது கோவிலில் குருவாக இருந்த பழைய அபூனா இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார், சமாதானம் ஆகிற வரைக்கும் ரெண்டு பேரும் நற்கருணைக்கு வரக் கூடாது என்று. அவள் மன்னிப்புக் கேட்கட்டும் என்றேன் நான். கோழியைக் கொடுக்கட்டும் என்றாள் அவள். அபூனா காலமாகிவிட்டார். அவர் சொன்னது மட்டும் அப்படியே நின்றது.

எனக்கு வேண்டியிருந்தது அந்த நற்கருணைப் பாத்திரம் ஒன்றுதான். ஒவ்வொரு பூசையிலும் எல்லாரும் வாயில் வெள்ளைத் துணியைப் பிடித்துக்கொண்டு வரிசையில் போவார்கள். நான் மட்டும் ஏதோ பொருளைத் தொலைத்த மாதிரி குனிந்துகொண்டிருப்பேன். அது எவ்வளவு வலித்தது என்று யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் போய் அவள் முன்னால் நிற்பதா? நடக்காது.

கோவிலில் எங்களுக்குச் சிரமம் இல்லை. பெண்கள் பக்கம் பெஞ்சுகள் காலியாகத்தான் கிடக்கும். நான் முன்னால் தூணோரம். அவள் பின்னால் மின்விசிறிக்குக் கீழே. பூசை நடுவில், ஒருவரையொருவர் வாழ்த்துங்கள் என்று திருத்தொண்டர் குரல் கொடுக்கும்போது பக்கத்தில் இருப்பவர் உள்ளங்கையைத் தொட்டு, விரல்களை உதட்டில் ஒற்றிக்கொள்ள வேண்டும். என் பக்கத்தில் தூண். தூண் யாரோடும் சண்டை போடாது.

பிறகு அபூனா ஹெத்ரா வந்தார். மின்யா நகரத்தில் மருந்துக்கடை வைத்திருந்துவிட்டுக் குருவானவர். தாடிகூட இன்னும் சரியாக வளரவில்லை. எங்கள் நாட்டில் விடுமுறை வெள்ளிக்கிழமைதான், பெரிய பூசையும் அன்றுதான். வந்த முதல் வெள்ளிக்கிழமை அவர் பாதி நேரம் பெஞ்சுகளுக்குத்தான் பிரசங்கம் செய்தார். அப்போஸ்தலர் நோன்பு தொடங்கிய வாரம் பொறுமை போய்விட்டது.

"ஆதிச் சபை எப்படிப் பெருகிச்சுன்னு தெரியுமா?" என்றார். "வீடு வீடா ஒண்ணா உக்காந்து சாப்பிட்டாங்க. ஒரே மனசா இருந்தாங்க. ஆளைச் சேத்தது கடவுள். நம்ம ஊர்ல ஞானஸ்நானம் வாங்கினவங்க பாதிப் பேர் வெள்ளிக்கிழமை தூங்குறாங்க. யாராவது போய்க் கதவைத் தட்டுங்களேன்!"

ஒரே மனசு என்ற இடத்தில் நான் தூணைப் பார்த்தேன். கதவைத் தட்டுங்கள் என்ற இடத்தில் காது நிமிர்ந்தது. எனக்குக் கதவு தட்ட நன்றாக வரும்.

பூசை முடிந்ததும் போய் நின்றேன். "அபூனா, வாய்க்காத் தெரு முழுக்க என் பொறுப்பு."

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "அபூனா, மில்லுத் தெரு என் பொறுப்பு." யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. தெரிந்த குரல்தான்.

அபூனா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குக் கதை தெரியும். ஊரில் கழுதைக்குக்கூடத் தெரியும். "ரொம்ப நல்லது. சேந்தே போகலாமே?" என்றார்.

"கால் வலி," என்றேன் நான்.

"எனக்கும்," என்றாள் அவள்.

அன்று தொடங்கியது போட்டி. நான் முடிதிருத்துகிற கத்தாஸை எழுப்பினேன். அவன் போர்வையை விலக்காமலே, "பூசை ரொம்ப நீளம், அக்கா" என்றான். "நீ ஒரு தலைக்கு எடுத்துக்கிற நேரத்துல ரெண்டு பூசை முடிஞ்சுடும், எந்திரிடா" என்றேன். வந்துவிட்டான். அதற்குள் தபீத்தா ஒரு குடும்பத்தைக் குழந்தை குட்டி, கைக்குழந்தை, மாமனார் என்று மொத்தமாக ஓட்டிக்கொண்டு வந்து மின்விசிறிக்குக் கீழே வரிசையாக உட்கார வைத்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த வாரம் நான் இரண்டு குடும்பத்தைக் கொண்டு வந்தேன். சுவிசேஷம் பரவ வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அவளைவிட அதிகமாகப் பரவ வேண்டும் என்ற ஆசை கூடுதலாக இருந்தது.

இரண்டு தெருவும் சேர்கிற மூலையில் எருமை வியாபாரி வஸ்ஃபியின் வீடு. அவர் கோவில் பக்கம் வந்து பல காலம். அவரைக் கொண்டுவந்தால் அது பெரிய மீன். நான் போய்க் கதவைத் தட்டிய அதே நேரம் தபீத்தா அந்தப் பக்கத்திலிருந்து வந்து நின்றாள். வஸ்ஃபி கதவைத் திறந்தார். பின்னால் அவர் மனைவி ஃபெரியால் எட்டிப் பார்த்தாள். அவள் குரல் எருமைச் சந்தைக்கே போதும்.

"வாய்க்காத் தெருவுலேருந்து வந்திருக்கேன்," என்றேன்.

"மில்லுத் தெருவுலேருந்து வந்திருக்கேன்," என்றாள்.

"ஒரே வீட்டுலேருந்துதானே ரெண்டு பேரும் வர்றீங்க?" என்றார் வஸ்ஃபி.

நான் அன்பைப் பற்றித் தொடங்கினேன். அவள் மன்னிப்பைப் பற்றித் தொடங்கினாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒருத்தி குரலை ஒருத்தி அமுக்கிக்கொண்டு பேசினோம். வஸ்ஃபி மாட்டுக்கு விலை பேசும்போது நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். கடைசியில் சொன்னார்:

"ரெண்டு பேரும் முதல்ல ஒருத்தர்கிட்ட ஒருத்தர் பேசிக்குங்கம்மா. அப்புறம் வந்து எங்கிட்ட கடவுளைப் பத்திப் பேசுங்க."

கதவைச் சாத்திவிட்டார். உள்ளே ஃபெரியால் சிரிக்கிற சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவர் சொன்னதில் தப்பு என்ன என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

ஆனாலும் கோவில் நிரம்பிக்கொண்டே வந்தது. கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுகிற பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. குழந்தைகள் தரையில் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். அபூனா ஹெத்ரா பெஞ்சுகளுக்குப் பதிலாக மனிதர்களைப் பார்த்துப் பிரசங்கம் செய்யத் தொடங்கினார். அவர் குரலே மாறிப் போனது.

என் தெருவில் ஒரே ஒரு கதவு மட்டும் திறக்கவில்லை. ரிஃப்கா. கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகாத பெண். இவள் வைத்த முலூகியாக் கீரை தண்ணியாக இருக்கிறது என்று மாமியார் விருந்தாளிகள் முன்னாலேயே சட்டியோடு தூக்கிக் கொட்டிவிட்டாளாம். அன்றிலிருந்து மாமியாரோடு பேச்சில்லை. மாமியார் கோவிலில் முதல் பெஞ்சு. அதனால் இவளுக்குக் கோவிலே வேண்டாம்.

"அவங்க கையை என்னால தொட முடியாது, அத்தை," என்று என்னிடம் அழுதாள். "மனசுல அவ்வளவு இருக்கு. பொய்யா தொடச் சொல்றீங்களா?"

"மனசு சரியாகட்டும்னு உக்காந்திருந்தா கெழவி ஆயிடுவே. நீ கையை நீட்டு. அவ நீட்டலைன்னா அது அவ பாடு. உன் மாமியார் மூஞ்சியைப் பாக்கவா கோவிலுக்கு வர்றே?"

எவ்வளவு நன்றாகப் பேசினேன் தெரியுமா? எனக்கே கண் கலங்கிவிட்டது. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நீங்க பக்கத்துலேயே உக்காந்தா வர்றேன்" என்றாள். நோன்பின் கடைசி வெள்ளிக்கிழமைக்கு வருவதாக வாக்குக் கொடுத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஒரு முக்காட்டைப் போட்டாள், கழற்றினாள், வேறொன்றைப் போட்டாள், அழுதாள், வரவில்லை என்றாள், செருப்பை மாட்டினாள். நாங்கள் கோவிலுக்குள் நுழையும்போது வாசகங்கள் முடிந்துவிட்டன. உள்ளே ஊசி குத்த இடமில்லை. என் தூணோரத்தில் கத்தாஸின் மனைவியும் அவள் அக்கா தங்கைகளும். நான் கொண்டுவந்த ஜனம்தான், என்னவென்று சொல்வது? நாற்காலி எல்லாம் நிறைந்திருந்தது. வஸ்ஃபிகூட ஆண்கள் பக்கம் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை யார் கொண்டுவந்தது என்று இன்றுவரை தெரியாது. நான் இல்லை, அவளும் இல்லை.

இடம் காட்டுகிறவர் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "இங்கே ரெண்டு பேர் உக்காரலாம். கொஞ்சம் நெருக்கிக்குங்க."

மின்விசிறிக்குக் கீழே. தபீத்தாவின் பெஞ்சு.

திரும்பிப் போகலாம் என்றால் பின்னால் ரிஃப்கா என் உடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்தேன். இந்தப் பக்கம் ரிஃப்கா, அந்தப் பக்கம் தபீத்தா. தோளோடு தோள் இடித்தது. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் மேல் அடிக்கிற சோப்பு வாசனை எனக்குத் தெரிந்தது. நானும் அவளும் பீடத்தையே முறைத்துப் பார்த்தோம். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு எங்களைவிடப் பக்தியான பெண்கள் அந்தக் கோவிலில் கிடையாது.

திருத்தொண்டர் குரல் கொடுத்தார்: ஒருவரையொருவர் பரிசுத்த முத்தத்தால் வாழ்த்துங்கள்.

நான் ரிஃப்கா பக்கம் திரும்பினேன். அவள் கையைத் தொட்டேன், உதட்டில் ஒற்றிக்கொண்டேன். அப்பாடா என்று நேராகத் திரும்பி உட்கார்ந்தேன். ரிஃப்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பக்கம், அத்தை?" என்றாள் மெதுவாக.

கெட்டிக்காரப் பெண். எனக்கு அவளை ஓங்கி ஒரு குட்டு வைக்கலாம் போல இருந்தது. அவள் கண்ணைப் பார்த்ததும் புரிந்தது, நான் என்ன செய்கிறேனோ அதைத்தான் அவள் செய்வாள். நான் கையை மடக்கி வைத்தால் இவள் எழுந்து போய்விடுவாள். அப்புறம் அந்த வீட்டுக் கதவை அபூனா வந்து தட்டினாலும் திறக்க மாட்டாள்.

கையை நீட்டினேன். நான்தான் முதலில் நீட்டினேன். தபீத்தா, தான்தான் முதலில் என்று சொல்லிக்கொண்டு திரிகிறாள், நம்பாதீர்கள். தொட்டுவிட்டு எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவள் விடவில்லை. என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நான் கோழி தின்னலடி," என்றேன், உதடு அசையாமல்.

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேருந்து?"

"அன்னிக்குச் சாயங்காலமே. கோழியைக் கரும்புத் தோட்டத்துல நரி தூக்கிட்டுப் போனதை அங்க வேலை செய்றவங்க பாத்தாங்களாம். வந்து சொன்னாங்க."

அன்று சாயங்காலமே! எதிர்வீட்டுக்காரி என் அடுப்பை மோந்து பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இவளுக்கு உண்மை தெரியும். மூன்று வருஷம் நான் குனிந்துகொண்டு நின்ற ஒவ்வொரு பூசையிலும் தெரியும்.

"ஏன்டி சொல்லல?"

"ஊரே கேக்கக் கத்தியாச்சு. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? ஒவ்வொரு நாளும் படியில சொல்லிடலாம்னுதான் எறங்குவேன். நீங்க சுவத்தைப் பாப்பீங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுங்க, அக்கா."

இதைத்தானே நான் இத்தனை நாள் கேட்டேன்? கிடைத்ததும் மனசு இளகவில்லை. உண்மையைச் சொல்கிறேன், அவ்வளவு கோபம் எனக்கு அந்தக் கோழி நாளில்கூட வரவில்லை. கையை உதறிவிட்டு எழுந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி நானும் ஒரு தடவை கத்த வேண்டும் போல இருந்தது. நியாயம் முழுக்க என் பக்கம். ஆனால் நியாயத்தை வைத்துக்கொண்டு இத்தனை நாள் தூணோடுதானே உட்கார்ந்திருந்தேன்? அவள் அழுது அழுது மூக்கு சிவந்து, முக்காடு சரிந்து உட்கார்ந்திருந்தாள். நான் இன்னொரு கையால் அவள் முக்காட்டை இழுத்துச் சரிசெய்தேன்.

"அழாதே, எல்லாரும் பாக்குறாங்க," என்றேன். "மன்னிச்சேன். இன்னும் கோவம் இருக்கு. ஆனா மன்னிச்சேன்."

நற்கருணை நேரம் வந்தது. பெண்கள் வரிசை நகர்ந்தது. தபீத்தா என் கையைப் பிடித்து எழுப்பினாள். "வாங்க அக்கா, சேந்து போலாம்."

நானும் எழுந்துவிட்டேன். இரண்டு அடி வைத்த பிறகுதான் உறைத்தது. ஐயோ! நற்கருணை வாங்குகிறவள் நடு இரவுக்கு மேல் தண்ணீர்கூடத் தொடக் கூடாது. நான் வரிசையில் நிற்பதை விட்டு மூன்று வருஷம் ஆயிற்று, எதை நினைத்துக் கட்டுப்பாடாக இருப்பேன்?

"நான் வர முடியாதுடி. காலையில டீ குடிச்சுட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி கோணியது. "எத்தனை கிளாஸ்?"

"ஒண்ணு."

"நான் ரெண்டு," என்றாள்.

சிரிப்பு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கோவில் என்று பார்க்கவில்லை, பூசை என்று பார்க்கவில்லை, நானும் அவளும் வாயில் துணியை அடைத்துக்கொண்டு குலுங்கினோம். முதல் பெஞ்சிலிருந்து நாலு பேர் திரும்பி முறைத்தார்கள். அதற்குள் ரிஃப்கா எங்களைத் தாண்டி முன்னால் போய்விட்டாள். போய் மாமியார் பக்கத்தில் நின்றாள். பிறகு கையை நீட்டினாள். அந்தக் கிழவி அந்தக் கையை அப்படியே பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

பூசை முடிந்து வாசலில் எல்லாருக்கும் ஆசீர்வாத ரொட்டித் துண்டு கொடுக்கும்போது அபூனா எங்களை நிறுத்தினார். நடந்ததைச் சொன்னோம். தாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அடுத்த வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க. அதுவரைக்கும் இந்தச் சமாதானம் ஒரே வீட்டுல ஒரு வாரம் தாங்குமா?"

"அது பெரிய விஷயமா, அபூனா?" என்றேன்.

பெரிய விஷயம்தான். மன்னிக்கிறது கோவிலில் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சனிக்கிழமை வருகிறதே! மேலே அவள் துணி அலசிய தண்ணீர் கீழே நான் காயவைத்த முலூகியா இலையில் சொட்டியது. வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன், தொண்டை வலித்தது. என் பையன் பாட்டை அலறவிட்டபோது அவள் மேலே பலகையைத் தரையில் இடிப்பாள் என்று காத்திருந்தேன். இடிக்கவில்லை. அவளும் எதையோ விழுங்கியிருக்கிறாள். செவ்வாய்க்கிழமை அவள் கத்தரிக்காய் பொரித்துக் கொண்டுவந்தாள். உப்பு தூக்கலாக இருந்தது. நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். நற்கருணைக்கு முன்னால் பொய் சொல்லலாமா என்று அபூனாவிடம் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை விடியும் நேரம், பழக்க தோஷம், கை தானாக அடுப்புப் பக்கம் போனது. கதவு தட்டுகிற சத்தம். தபீத்தா தன் டீ கெட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இதை எங்கேயாவது ஒளிச்சு வைங்க, அக்கா. இது கண்ணுல பட்டா நான் போட்டுக் குடிச்சுடுவேன்."

என் கெட்டிலையும் சேர்த்து இரண்டையும் கோதுமை மூட்டைக்குப் பின்னால் தள்ளினேன். தலையில் துணியைப் போட்டுக்கொண்டு இருவரும் கிளம்பினோம். இவர் வாசலில் நின்று நாங்கள் தெருவில் ஒன்றாக நடப்பதை நம்பாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வரிசை வந்தது. இவ்வளவு நீளமான வரிசையை எங்கள் கோவில் கண்டதில்லை. சுவரோரமாக வளைந்து கதவு வரைக்கும் போனது. எங்கள் முறை வந்தபோது நான் அப்படியே நின்றுவிட்டேன். அபூனா பாத்திரத்தோடு நிற்கிறார். தபீத்தா ஒதுங்கி, "நீங்க போங்க, அக்கா, பெரியவங்க" என்றாள்.

"நீ போடி."

"நீங்க முதல்ல."

"சொன்னா கேளு, போ!"

பின்னாலிருந்து ஃபெரியாலின் குரல் எருமைச் சந்தையில் கேட்கிற மாதிரிக் கேட்டது. "யாராவது ஒருத்தி போய்த் தொலைங்களேன்! எங்களையெல்லாம் தூங்க விடாம எழுப்பிக் கூட்டிட்டு வந்துட்டு, இப்ப வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே!"

திரும்பிப் பார்த்தேன். வாய்க்கால் தெரு, மில்லுத் தெரு எல்லாம் எங்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்தே முன்னால் போனோம்.